டிராவுக்கு என்ன விலை?

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக செஸ் சாம்பியன் போட்டியின் பதினான்காவது ஆட்டம், அதுதான் கடைசி. அதுவரை இருவருக்கும் ஆளுக்கு 6.5 புள்ளி. இதுவும் டிராதான் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பலர் முடிவு கட்டிவிட்ட நேரத்தில், வெள்ளைக் காய்களோடு ஆடிய டிங் லிரென் 55-வது நகர்த்தலில் தன் ரூக்கைக் கூடாத கட்டத்தில் கொண்டுபோய் வைத்தார். எதிரே உட்கார்ந்திருந்த சென்னைக்காரர் குகேஷுக்கு அது போதும். 58-வது நகர்த்தலோடு ஆட்டம் முடிந்தது. 7.5 – 6.5. பதினெட்டு வயதில் உலக சாம்பியன்.

அடுத்து வெளிவந்த ஜனவரி ரேட்டிங் பட்டியலைப் பார்த்தவர்களுக்கு ஒரு குழப்பம். போட்டிக்கு முன் 2783 ஆக இருந்த குகேஷின் ரேட்டிங் 2777 ஆக இறங்கியிருந்தது. பட்டத்தைப் பறிகொடுத்த டிங் 2728-லிருந்து 2734-க்கு ஏறியிருந்தார். ஜெயித்தவருக்குக் கழித்தல், தோற்றவருக்குக் கூட்டல்.

கணக்கில் பிழை இல்லை. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கியில் இயற்பியல் கற்பித்த அர்பாத் ஈலோ வகுத்த முறை இது. அமெரிக்க செஸ் கூட்டமைப்பு 1960-லும், உலக அமைப்பான ஃபிடே 1970-லும் இதை ஏற்றுக்கொண்டன. இரண்டு ஆட்டக்காரர்களின் ரேட்டிங் வித்தியாசத்தைக் கொடுத்தால், மேலே இருப்பவர் ஓர் ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி எடுப்பார் என்று ஓர் அட்டவணை சொல்லும். 55 புள்ளி வித்தியாசத்துக்கு அது சொல்வது 0.58. பதினான்கு ஆட்டத்துக்கு 8.12. குகேஷ் எடுத்தது 7.5. குறைந்துபோன 0.62-ஐ அவர்கள் மட்டத்து ஆட்டக்காரர்களுக்கு உரிய பெருக்கெண்ணான 10-ஆல் பெருக்கினால் 6.2. ஆறு புள்ளி போன வழி இதுதான்.

இந்த 0.58 என்ன வகை எண்? "குகேஷ் ஜெயிக்க 58 சதவீத வாய்ப்பு" என்று தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள். அது தவறு. அந்தப் பதினான்கு ஆட்டங்களில் குகேஷ் ஜெயித்தவை மூன்று, தோற்றவை இரண்டு, மீதி ஒன்பதும் டிரா. ஜெயித்த விகிதம் 21 சதவீதம்தான். ஆனாலும் அவர் எடுத்த புள்ளியின் சராசரி 0.536. ஈலோவின் எண் இந்தச் சராசரியைப் பற்றித்தான் பேசுகிறது; வெற்றியின் நிகழ்தகவைப் பற்றி அல்ல.

வித்தியாசம் 380 புள்ளியாக இருந்தால் அட்டவணை தரும் எண் 0.91. இதற்குப் பின்னால் இரண்டு முற்றிலும் வேறான ஆட்டக்காரர்கள் ஒளிந்துகொள்ளலாம். ஒருவர் நூறு ஆட்டத்தில் 91-ஐ ஜெயித்து 9-ஐத் தோற்கும் அதிரடிக்காரர். இன்னொருவர் 82-ஐ ஜெயித்து 18-ஐ டிரா செய்து ஒன்றில்கூடத் தோற்காத கல்லுளிமங்கன். இருவருக்கும் 91 புள்ளி. முதலாமவருடைய 0.91 வெறும் நிகழ்தகவு. இரண்டாமவருடைய 0.91-இல் இரண்டு சரக்கு கலந்திருக்கிறது: என்ன நடக்கும் என்று தெரியாத நிச்சயமின்மை ஒன்று, நடந்து முடிந்த பிறகும் "ஜெயித்தாரா?" என்ற கேள்விக்கு "பாதி" என்றே பதில் வரும் அரைகுறை உண்மை மற்றொன்று.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதும், பிறகு முறைப்படி சேர்ப்பதும்தான் பல்மதிப்புத் தர்க்கத்தின் நிகழ்தகவுக் கோட்பாடு.

பள்ளியில் படிக்கும் நிகழ்தகவில் இந்தச் சிக்கலே கிடையாது. 1933-இல் ரஷ்யரான கோல்மோகரோவ் அதற்கு அடித்தளம் போட்டபோது, நிகழ்ச்சி என்பதை ஒரு கணமாக வைத்தார். பகடையில் விழுந்த எண் அந்தக் கணத்தில் இருக்கும், அல்லது இருக்காது. நிகழ்ச்சி நடந்தது, அல்லது நடக்கவில்லை. தெரியாமை எல்லாம் பகடையை உருட்டும் முன்புதான்; உருண்டு நின்றபின் உண்மை ஒன்று அல்லது பூஜ்யம். பாதி நடந்த நிகழ்ச்சிக்கு அங்கே இடம் இல்லை.

இடம் போட்டுக் கொடுத்தவர் ஒரு போலந்துக்காரர். இன்று உக்ரைனில் இருக்கும் லிவிவ் நகரத்தில், 1878-இல் பிறந்த யான் வூகாஷியேவிச். அரிஸ்டாட்டில் எழுப்பிய பழைய கேள்வி ஒன்று அவரை விடவில்லை: "நாளை கடற்போர் நடக்கும்" என்ற வாக்கியம் இன்றைக்கே உண்மையா, பொய்யா? உண்மை என்றால் நாளைய போரை யாராலும் தடுக்க முடியாது. பொய் என்றால் யாராலும் தொடங்க முடியாது. மனிதன் முடிவெடுப்பதற்கு ஏதாவது மிச்சம் இருக்க வேண்டுமானால் அந்த வாக்கியம் இன்றைக்கு இரண்டும் அல்லாததாக இருக்க வேண்டும். 1920-இல் அவர் மூன்றாவதாக ஒரு மதிப்பை வெளியிட்டார். உண்மைக்கு 1, பொய்க்கு 0, நடுவில் ½. ஓரிரு ஆண்டுகளில் மூன்றோடு நிற்காமல் 0-க்கும் 1-க்கும் இடையில் உள்ள எல்லா எண்களையும் உள்ளே விட்டார்.

பலர் கவனிக்காத ஒன்று: தர்க்கத்தில் கைவைப்பதற்கு ஏழு வருடம் முன்பே, 1913-இல், அவர் நிகழ்தகவைப் பற்றித்தான் ஒரு சிறு நூல் எழுதியிருந்தார். மாறி உள்ள ஒரு வாக்கியத்தை உண்மையாக்கும் மதிப்புகளின் விகிதமே அந்த வாக்கியத்தின் பின்ன மதிப்பு என்பது அந்த நூலின் மையம். அதாவது பகடையில் "விழும் எண் 4-ஐவிடப் பெரியது" என்பதற்கு ஆறில் இரண்டு. ஆனால் குறிப்பான, மாறி இல்லாத வாக்கியத்துக்கு 0 அல்லது 1 மட்டும்தான் என்று அந்த நூலில் கறாராக இருந்தார். ஆக, பின்னங்கள் அவருக்கு முதலில் நிகழ்தகவாக வந்து, பிறகு உண்மையின் அளவாக வேடம் மாறின.

வேடம் மாறியதில் ஒரு பொறி இருந்தது. ½ என்றால் "ஐம்பது சதவீத வாய்ப்பு" என்று படித்துவிட யாருக்கும் கை பரபரக்கும். ஹான்ஸ் ரைஷன்பாக் போன்ற பெரிய ஆட்களே 1930-களில் நிகழ்தகவைப் பல்மதிப்புத் தர்க்கமாக மாற்ற முயன்றார்கள். ஒரு நாணயத்தைச் சுண்டினால் இது எங்கே உடைகிறது என்று தெரியும். "தலை விழும்" என்பதற்கு ½. "பூ விழும்" என்பதற்கும் ½. "தலையும் விழும், பூவும் விழும்" என்பதற்கு 0. ஆனால் "தலை விழும், தலை விழும்" என்று ஒரே வாக்கியத்தை இரண்டு தரம் சொன்னால் ½. இரண்டிலும் உள்ளே போவது ½-உம் ½-உம். வெளியே வருவது வேறு வேறு. தர்க்கத்தில் அப்படி நடக்கக் கூடாது. பகுதிகளின் மதிப்பு தெரிந்தால் முழு வாக்கியத்தின் மதிப்பு தெரிந்தாக வேண்டும். உண்மை அளவுகளுக்கு அந்த விதி பொருந்தும், நிகழ்தகவுக்குப் பொருந்தாது. இரண்டும் 0-க்கும் 1-க்கும் நடுவே குடியிருப்பதால் சொந்தக்காரர்கள் ஆகிவிட மாட்டார்கள்.

இதை மனத்தில் பதிய வைக்க ஜேம்ஸ் பெஸ்டெக் என்ற அமெரிக்கக் கணினியியலாளர் 1990-களில் ஓர் உதாரணம் சொன்னார். பாலைவனத்தில் ஒரு வாரம் தண்ணீர் இல்லாமல் தவித்தவருக்கு இரண்டு பாட்டில் கிடைக்கின்றன. ஒன்றின் மேல் "குடிக்கத் தக்க அளவு 0.91" என்று ஒட்டியிருக்கிறது. மற்றதின் மேல் "குடிக்கத் தக்கதாக இருக்க நிகழ்தகவு 0.91". முதல் பாட்டிலில் கொஞ்சம் கலங்கிய தண்ணீர் இருக்கலாம். ஆள் சாக மாட்டார். இரண்டாவதில் நூற்றுக்கு ஒன்பது தடவை அமிலம் இருக்கலாம். இரண்டையும் திறந்து பார்த்தால் இன்னொரு வித்தியாசமும் தெரியும். இரண்டாவது பாட்டிலின் 0.91 அந்தக் கணமே 1 ஆகவோ 0 ஆகவோ மாறிவிடும். முதல் பாட்டிலின் 0.91 திறந்த பிறகும் அப்படியே 0.91. கல்லுளிமங்கனின் டிரா ஆட்டமும் இப்படித்தான்: முடிவு அறிவிக்கப்பட்ட பிறகும் அது ½.

சரி, கலந்த சரக்கை எப்படி நிறுப்பது? வழி எளியது, ஈலோவின் அட்டவணை சத்தமில்லாமல் செய்துகொண்டிருப்பதும் அதுதான். நடக்கக்கூடிய ஒவ்வொரு முடிவிலும் வாக்கியம் எந்த அளவு உண்மை என்று பார்த்து, அந்த அளவை முடிவின் நிகழ்தகவால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். வெற்றி 30 சதவீதம், டிரா 56, தோல்வி 14 என்றால் 0.30 + 0.28 + 0 = 0.58. பல்மதிப்பு நிகழ்ச்சியின் நிகழ்தகவு என்பது அதன் உண்மை அளவின் சராசரி.

பாகூவில் பிறந்து கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பேராசிரியராக இருந்த லோத்ஃபி ஸாதே இதைத்தான் 1968-இல் எழுதினார். மூன்று வருடம் முன்பு, 1965-இல், உறுப்புகள் பாதியளவும் சேரலாம் என்ற ஃபஸி கணங்களை அறிமுகம் செய்து பாதிப் பேரின் பாராட்டையும் மீதிப் பேரின் கேலியையும் வாங்கியிருந்தவர் அவர். வானிலையில் இதன் பயன் கண்கூடு. இந்திய வானிலைத் துறையின் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் பெய்தால் கனமழை, 64.4 பெய்தால் கனமழை இல்லை. ஒரு சொட்டு விழுந்ததும் பெயர் மாறுகிறது. இதற்குப் பதிலாக 40 மில்லிமீட்டருக்குக் கீழே 0 என்றும், 90-க்கு மேலே 1 என்றும், நடுவில் சீராக ஏறுவதாகவும் "கனமழை"யை வைத்துக்கொள்ளலாம். நாளைக்கு 20 மில்லிமீட்டர் பெய்ய 50 சதவீத வாய்ப்பு, 65 பெய்ய 30 சதவீதம், 120 பெய்ய 20 சதவீதம் என்று வைப்போம். பழைய கோட்டின்படி கனமழையின் நிகழ்தகவு 0.5. புதிய சரிவின்படி 65 மில்லிமீட்டர் மழை பாதிக் கனமழை, எனவே 0.15 + 0.20 = 0.35. கோட்டை ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போட்டால் பழைய எண் 0.5-லிருந்து 0.2-க்கு விழுந்துவிடும். சரிவை ஒரு மில்லிமீட்டர் தள்ளினால் புதிய எண் இம்மியளவே அசையும். சரிவை எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது என்று யார் தீர்மானிப்பது என்ற கேள்வி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 64.5-ஐ யாரோ ஒருவர் தீர்மானித்ததுதானே.

ஸாதே சொன்னது ஒரு வரையறை. சராசரிதான் எடுக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? வேறு ஏதாவது கலவை கூடாதா? இதற்குப் பதில் வேறொரு திசையிலிருந்து வந்தது, அதுவும் சூதாட்ட மேசையிலிருந்து.

புரூனோ தெ ஃபினெத்தி இத்தாலியர். 1931-இலிருந்து ட்ரியெஸ்தே நகரத்தில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கணக்கு பார்த்தவர். நிகழ்தகவு என்று உலகத்தில் எதுவும் கிடையாது, இருப்பதெல்லாம் மனிதனின் நம்பிக்கையின் அளவுதான் என்று அடித்துப் பேசியவர். அப்படியானால் ஆளுக்கு ஆள் இஷ்டத்துக்கு எண் சொல்லலாமா? கூடாது என்பதற்கு அவர் வைத்த சோதனை இது. ஒரு பந்தயக்காரர் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு சீட்டு அச்சிட்டு விலை எழுதி வைக்கட்டும். நிகழ்ச்சி நடந்தால் சீட்டுக்கு 100 ரூபாய், நடக்காவிட்டால் ஒன்றும் இல்லை. ஒரே நிபந்தனை: எழுதிய விலைக்கு அவர் விற்கவும் வேண்டும், யாராவது நீட்டினால் வாங்கவும் வேண்டும். எது நடந்தாலும் தனக்கு நஷ்டம் என்ற கண்ணியில் மாட்டாமல் விலை வைக்க என்ன செய்ய வேண்டும்? நிகழ்தகவின் விதிகளை மீறாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் தேவை, அவ்வளவும் தேவை.

இந்தக் கடையில் செஸ் சீட்டை விற்றுப் பார்ப்போம். புள்ளிச் சீட்டு: நம்மவர் ஜெயித்தால் 100, டிரா என்றால் 50, தோற்றால் 0. விலை 58. எதிராளியின் புள்ளிச் சீட்டை 47 ரூபாய்க்கு வைத்தால் கடைக்காரர் தொலைந்தார். வாடிக்கையாளர் இரண்டு சீட்டையும் அவரிடமே விற்று 105 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஆட்டம் எப்படி முடிந்தாலும் 100 ரூபாய் மட்டும் கொடுப்பார். எனவே எதிராளியின் விலை 42. "இல்லை" என்பதற்கு 1-லிருந்து கழி என்று வூகாஷியேவிச் சொன்னது இங்கே பணமாக நிற்கிறது.

அடுத்தது இன்னும் சுவாரசியம். வூகாஷியேவிச் தர்க்கத்தில் வலுவான "அல்லது" ஒன்று உண்டு: இரண்டு அளவையும் கூட்டு, 1-ஐத் தாண்டினால் 1-இல் நிறுத்து. அதன் ஜோடியாக வலுவான "மற்றும்": கூட்டி அதிலிருந்து 1-ஐக் கழி, பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யம். "நம்மவர் ஜெயிக்கிறார்" என்ற ஒரே வாக்கியத்தைத் தன்னோடு தானே சேர்த்துப் பாருங்கள். வலுவான "அல்லது" போட்டால் வெற்றிக்கு 1, டிராவுக்கும் 1, தோல்விக்கு 0. அதாவது "தோற்கவில்லை". வலுவான "மற்றும்" போட்டால் வெற்றிக்கு 1, டிராவுக்கு 0, தோல்விக்கு 0. அதாவது "முழுசாக ஜெயித்தார்". அரைகுறை வாக்கியம் ஒன்றிலிருந்து, அரைகுறை இல்லாத இரண்டு வாக்கியங்கள் பிரிந்து வருகின்றன.

இரண்டுக்கும் சீட்டு அச்சடிக்கலாம். வெற்றிச் சீட்டு ஒன்றும் தோல்வியில்லாச் சீட்டு ஒன்றும் வைத்திருப்பவருக்கு வெற்றியில் 200, டிராவில் 100, தோல்வியில் 0. இரண்டு புள்ளிச் சீட்டு வைத்திருப்பவருக்கும் அதே பணம். ஆகவே முதல் இரண்டின் விலைக் கூட்டல் 116 ஆக இருந்தே தீர வேண்டும். வெற்றிச் சீட்டு 30, தோல்வியில்லாச் சீட்டு 80 என்று கடைக்காரர் தூங்கி வழிந்துகொண்டு எழுதிவிட்டால், அவற்றை 110-க்கு வாங்கி, இரண்டு புள்ளிச் சீட்டை 116-க்கு அவர் தலையில் கட்டிவிட்டு, ஆட்டத்தைப் பார்க்காமலேயே ஆறு ரூபாயோடு வீட்டுக்குப் போகலாம். சிங்கப்பூர் ஆட்டங்களிலும் இந்தச் சமன் அப்படியே நிற்கிறது: குகேஷ் ஜெயித்தவை 3, தோற்காதவை 12, கூட்டினால் 15, அவர் எடுத்த புள்ளி 7.5, இரட்டித்தால் 15.

தர்க்கத்தில் இத்தகைய கூட்டலுக்கு இலக்கணமாக சி. சி. சாங் 1958-இல் ஓர் இயற்கணிதத்தை அமைத்திருந்தார். அதன்மேல் நிகழ்தகவை ஏற்றியவர் இத்தாலியரான தானியேலே முந்திச்சி. 1995-இல் அவர் வைத்த விதிகள் இரண்டே இரண்டு. எப்போதும் உண்மையாக இருக்கும் வாக்கியத்துக்கு 1. ஒன்றோடொன்று மோதாத, அதாவது வலுவான "மற்றும்" போட்டால் பூஜ்யமாகிவிடும் இரண்டு வாக்கியங்களை வலுவான "அல்லது"வால் சேர்த்தால் விலைகளைக் கூட்டு. 2006-இல் பந்தயக்கடையையும் அவர் முடிவிலி மதிப்புகளுக்கு விரித்தார்: கண்ணியில் மாட்டாத விலைப்பட்டியல் எல்லாம் இந்த இரண்டு விதிக்குக் கட்டுப்பட்டவை, கட்டுப்பட்டவை எதுவும் கண்ணியில் மாட்டாது. அதே சமயத்தில் செக் நாட்டுத் தோமாஷ் க்ரௌபாவும் இத்தாலியரான ஜியோவான்னி பான்தியும் தனித்தனியே ஒன்றை நிரூபித்தார்கள். இப்படிப்பட்ட விலைப்பட்டியல் எதை எடுத்தாலும், அடியில் சாதாரணமான, கோல்மோகரோவ் பாணி நிகழ்தகவு ஒன்று இருக்கும். விலைகள் எல்லாம் அதன்மேல் எடுத்த சராசரிகள். ஸாதேவின் வரையறை பல வழிகளில் ஒன்று இல்லை, ஒரே வழி என்று ஆகிவிட்டது. புரட்சி வரப்போகிறது என்று எதிர்பார்த்தவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான். பழைய மாளிகையை இடிக்க வந்தவர்கள் அதற்கு மேலேயே மாடி கட்டியிருக்கிறார்கள்.

மாடியில் சில விசித்திரங்கள் உண்டு. வூகாஷியேவிச்சின் சாதுவான "மற்றும்" இரண்டில் சிறியதை எடுக்கும். அதன்படி "ஜெயித்தார், ஜெயிக்கவும் இல்லை" என்ற வாக்கியம் டிராவில் பாதி உண்மை. மேலே சொன்ன விலைகளில் அந்த முரண்பாட்டின் நிகழ்தகவு 0.28. இரண்டு மதிப்புத் தர்க்கக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். வலுவான "மற்றும்" போட்டால் அதே வாக்கியம் எப்போதும் பூஜ்யம். எந்த "மற்றும்" என்று சொல்லாமல் இங்கே பேசவே முடியாது.

வலுவான "மற்றும்" இயல்பாகவே நடமாடும் இடமும் இருக்கிறது: பொய் சொல்ல அனுமதி உள்ள விளையாட்டு. ஸ்தனிஸ்வாவ் உலாம் (அவரும் லிவிவ் நகரத்துக்காரரே) கேட்ட புதிர் இது. ஒருவர் பத்து லட்சத்துக்குள் ஓர் எண்ணை நினைத்துக்கொள்கிறார். ஆம்–இல்லை கேள்விகள் மட்டும் கேட்கலாம். பொய்யே இல்லை என்றால் 20 கேள்வி போதும். அவர் ஒரே ஒரு தரம் பொய் சொல்லலாம் என்றால்? அந்த்ரேய் பெல்ட்ஸ் 1987-இல் கண்ட விடை 25. இந்த ஆட்டத்தில் ஒரு பதிலோடு முரண்படும் எண்ணை உடனே ஒதுக்க முடியாது, அந்தப் பதில் பொய்யாக இருக்கலாம். அதன் மதிப்பு 1-லிருந்து ½-க்கு இறங்கும். இரண்டாவது பதிலோடும் முரண்பட்டால் பூஜ்யம். ½-உம் ½-உம் வலுவாகச் சேர்ந்தால் 0. ஒரு சாட்சி ஒன்றையே இரண்டு முறை சொன்னால் சாதாரணத் தர்க்கத்தில் புதிதாக எதுவும் கிடைக்காது; இங்கே கிடைக்கிறது.

தெ ஃபினெத்திக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. ஏனென்றால் மூன்றாவது மதிப்பு ஒன்றை அவரும் வைத்திருந்தார், ஆனால் அது ½ இல்லை. 1935-இல் பாரிஸ் மாநாட்டில் அவர் பேசியது நிபந்தனை நிகழ்ச்சிகளைப் பற்றி. "மழை பெய்யாவிட்டால் நம்மவர் ஜெயிப்பார்" என்று பந்தயம் கட்டி, மழை பெய்துவிட்டால்? ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை. கட்டிய பணம் திரும்ப வந்துவிடும். உண்மை, பொய், செல்லாது. நிச்சயமின்மையையே மூன்றாவது மதிப்பாக ஆக்குவதை அவர் ஏற்கவில்லை. நிகழ்ச்சிகள் உண்மை அல்லது பொய்தான், தெரியாமை நம்முடையது என்பது அவர் கட்சி. செல்லாமை வேறு, அது ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பது.

டிரா என்பது ½-ஆ, செல்லாததா? செஸ் உலகம் இரண்டையும் செய்து பார்த்திருக்கிறது. 1984 செப்டம்பரில் மாஸ்கோவில் கார்போவுக்கும் காஸ்பரோவுக்கும் தொடங்கிய பட்டப் போட்டியில் விதி இது: முதலில் ஆறு ஆட்டம் ஜெயிப்பவர் சாம்பியன், டிராக்கள் கணக்கில் இல்லை. ஒன்பது ஆட்டத்துக்குள் கார்போவ் 4–0. பிறகு தொடர்ந்து பதினேழு டிரா. 27-வது ஆட்டத்தில் கார்போவுக்கு ஐந்தாவது வெற்றி. ஆறாவது வரவே இல்லை. 1985 பிப்ரவரியில், 48 ஆட்டம் முடிந்து 5–3 என்றிருந்தபோது, ஃபிடே தலைவர் கம்போமானெஸ் போட்டியை முடிவில்லாமலே நிறுத்தினார். நாற்பது டிரா. செல்லாது என்று வைத்தால் கார்போவின் எண் எட்டில் ஐந்து, 0.625. பாதி என்று வைத்தால் 48-இல் 25, அதாவது 0.52. முதல் எண்ணைப் பார்ப்பவர் கார்போவின் கை ஓங்கியிருந்தது என்பார். இரண்டாவதைப் பார்ப்பவர் சரிசமமான இருவர் என்பார். ஆட்டங்கள் அதே ஆட்டங்கள். அடுத்த போட்டியில் டிராவுக்கு அரைப் புள்ளி, ஆட்டங்களுக்கு 24 என்ற வரம்பு.

கால்பந்தில் வெற்றிக்கு மூன்று, டிராவுக்கு ஒன்று. இங்கிலாந்து 1981-இல் தொடங்கியது. 1994 உலகக் கோப்பையிலிருந்து அதுவே வழக்கம். மூன்றில் ஒன்று என்பதை உண்மை அளவாகக் கொள்ள முடியாது. ஓர் அணிக்கு ⅓ என்றால் எதிரணிக்கு ⅔ வர வேண்டும்; வருவதும் ⅓. "இல்லை" என்பதே அங்கே வேலை செய்யாது. டிராவை ஊக்குவிக்கக் கூடாது என்ற நோக்கத்தில் போட்ட சம்பளப் பட்டியல் அது. நல்ல பட்டியல்தான், தர்க்கம் மட்டும் இல்லை.

முடியாமல் கிடக்கும் கதை நிபந்தனை நிகழ்தகவில் இருக்கிறது. தெ ஃபினெத்தியின் நிபந்தனை தெளிவானது: மழை பெய்தது, அல்லது பெய்யவில்லை. நிபந்தனையே பாதி உண்மையாக இருந்தால்? "நீண்ட ஆட்டங்களில் இவர் எப்படி?" என்று கேட்கிறோம். நீளம் என்பது 40 நகர்த்தலில் தொடங்கி மெல்ல ஏறும் விஷயம். மூன்றே ஆட்டம் எடுத்துக்கொள்வோம். முதலாவது முழு நீளம், அதில் டிரா. இரண்டாவது பாதி நீளம், அதிலும் டிரா. மூன்றாவதும் பாதி நீளம், அதில் வெற்றி. நீளங்களின் கூட்டல் 2. "நீண்ட ஆட்டம், அதில் ஜெயித்தார்" என்பதைக் கூட்டி 2-ஆல் வகுக்க வேண்டும். "மற்றும்" என்பதற்குச் சிறியதை எடுத்தால் விடை 0.75. வலுவான "மற்றும்" எடுத்தால் 0.5. இரண்டு அளவையும் பெருக்கினால் 0.625.

மூன்று விடையில் எது? கடைக்காரரிடம் கேட்கலாம். எதிராளிக்கும் அதே கணக்கைப் போட்டால் முறையே 0.5, 0.25, 0.375 வருகிறது. இருவர் எண்களும் சேர்ந்து 1 ஆக வேண்டும். சிறியதை எடுத்தவருக்கு 1.25, வலுவான "மற்றும்" எடுத்தவருக்கு 0.75, இருவர் கல்லாவும் காலி. பெருக்கியவருக்கு மட்டும் சரியாக 1.

பெருக்கல் தேவை என்பது புரிகிறது. ஆனால் வூகாஷியேவிச்சின் தர்க்கத்துக்குள் பெருக்கல் இல்லை, அதன் இணைப்புகளை எத்தனை அடுக்கு அடுக்கினாலும் வராது. ராபர்ட் மெக்நாட்டன் 1951-இலேயே காட்டிவிட்டார்: அந்த இணைப்புகளால் கட்டக்கூடிய சார்புகளின் வரைபடங்கள் எல்லாம் முழு எண் சரிவு கொண்ட தட்டையான துண்டுகளை ஒட்டியவை. பெருக்கலின் வரைபடம் வளைந்தது. எனவே பெருக்கலை வெளியிலிருந்து தனிச் செயலியாகக் கொண்டுவந்து சேர்த்துத்தான், சியெனா பல்கலைக்கழகத்தின் ஃபிராங்கோ மோன்தான்யா போன்றவர்கள் பல்மதிப்பு நிபந்தனைப் பந்தயங்களுக்குக் கண்ணியில் மாட்டாத விலை விதிகளை எழுதினார்கள். அந்தக் கடையில் பாதி நீண்ட ஆட்டத்துக்குப் பாதிப் பந்தயம்தான் செல்லும். மீதிப் பாதிப் பணத்தைக் கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.